ஐந்து வாரத்தில் என்ன கிடைக்கும்?

கேள்வி: தென்கிழக்காசிய மாணவர்களை அமெரிக்கா அழைத்துச் செல்லும் ஒய்சியாலி என்னும் அமெரிக்க அரசு முயற்சியின் சுற்றுச்சூழல் திட்டத்தால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அது வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது. 2013-இல் தொடங்கிய ஒய்சியாலியின் இத்திட்டத்தில், 18 முதல் 25 வயதுள்ளோர் ஐந்து வாரம் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களை வரவேற்ற மொன்டானா பல்கலைக்கழகத்துக்கு அருகில்தான் மில்டவுன் அணை இருந்தது. செப்புச் சுரங்கக் கழிவு அங்கே படிந்து, 1981-இல் கிணற்று நீரில் ஆர்செனிக் இருப்பது தெரியவந்தது. 2008-இல் அணையை உடைத்து ஆற்றைத் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட 27 ஆண்டுப் போராட்டமே பாடம். விமானப் புகையைக் கணக்கில் காட்டி எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தென்கிழக்காசியாவின் மேகோங் ஆற்றில் அணைகள் பெருகும் காலத்தில், கட்டியதை அகற்றவும் முடியும் என்று நேரில் அறிந்த ஒருவர் ஊர் திரும்புவது சிறிய வரவல்ல. திரும்பியவருக்குச் சிறு நிதியும் வழிகாட்டலும் தொடராவிட்டால்தான் அது வீண்.