களிம்பும் ஒளியும்

நெடுங்காலம் கடும் வெயில் பட்ட வெளிர்நிறத் தோலில், உப்புத்தாளைத் தொடுவதுபோலச் சொரசொரப்பான சிறு மேடுகள் தோன்றுவதுண்டு. ஆஸ்திரேலியாவில் இது மிகுதி. கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் தோல் செல்களைப் பழுதாக்குவதே காரணம். இம்மேடுகளுள் சில பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடும். களிம்பு பூசி, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி இவற்றை நீக்குகிறார்கள். ஒளியால் வந்த கேட்டை ஒளியே போக்குவது எப்படி?

ஜெர்மனியின் மியூனிக் நகரில், பேராசிரியர் டாப்பைனரின் மாணவரான ஆஸ்கர் ராப், பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிரியை அக்ரிடின் சாயக் கரைசலில் இட்டு ஆராய்ந்தார். சாயத்தின் அளவு ஒன்றே. எனினும் உயிரிகள் சில வேளை விரைவில் மடிந்தன. சில வேளை நெடுநேரம் பிழைத்திருந்தன. வேறுபாடு அறையின் வெளிச்சத்தில் இருந்தது! இருட்டில் அச்சாயம் கொல்லவில்லை. சாயமின்றி வெளிச்சமும் கொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தே கொன்றன. இம்முடிவு 1900 இல் வெளியாயிற்று. ஆக்சிஜனும் தேவை எனப் பின்னர் டாப்பைனர் கண்டார்.

தோலுக்குரிய களிம்பில் உள்ளது அமினோலெவுலினிக் அமிலம். இதனைத் தோலில் பூசி ஒளியூட்டும் முறையை 1990 இல் கனடாவின் கென்னடியும் உடனுழைத்தோரும் வெளியிட்டனர். இவ்வமிலம் ஒளியை ஏற்கும் சாயமன்று. பழுதுற்ற செல்களே இதனைக்கொண்டு புரோட்டோபார்ஃபிரின் என்ற நிறமியை மிகுதியாக ஆக்கிக்கொள்கின்றன. அதற்குச் சில மணி நேரம் ஆகலாம். பிறகே விளக்கு எரியும்.

இனி இயற்பியலுக்கு வருவோம். நிறமி ஒளியை ஏற்றுக் கிளர்வுற்று, ஆற்றலை ஆக்சிஜனுக்கு மாற்றுகிறது. கிளர்வுற்ற ஆக்சிஜன் செல்லைச் சிதைக்கிறது. அது நெடுந்தூரம் செல்லாது; எனவே நிறமி உள்ள இடத்திலேயே பெரும்பாலும் அழிவு நிகழ்கிறது.

ஆக்சிஜனைக் கிளர்த்த 0.98 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அலைநீளத்தை நானோமீட்டரில் எடுத்து, அதனால் 1240 ஐ வகுத்தால் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் கிடைக்கும். 635 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கு அது 1.95, போதுமானது. 1500 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிருக்கோ 0.83 தான். அவ்விளக்கின் பிரகாசத்தை எவ்வளவு கூட்டினாலும் ஃபோட்டான்களின் எண்ணிக்கைதான் பெருகும். ஒவ்வொன்றின் ஆற்றலும் பெருகாது. இந்நிறமி நீல ஒளியையே மிகுதியாக உட்கவர்கிறது. ஆனால் தோலுக்குள் ஆழமாகச் செல்வது சிவப்பு. மேட்டின் தடிப்பைப் பார்த்து மருத்துவர் ஒளியைத் தேர்வார். இரண்டும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியே. தோலைக் கெடுத்த புற ஊதா அல்ல.

விளக்கின்கீழ் எரிச்சல் உண்டாகும். எஞ்சிய நிறமி வெயிலிலும் வேலை செய்யும் என்பதால், பின்னர் 2 நாள்களேனும் சிகிச்சை பெற்ற இடத்தில் வெயில் படலாகாது. ஆகவே இது வீட்டில் செய்து பார்க்கும் சோதனை அன்று. மாணவர்களே, உங்களிற் சிலருக்கு மேற்கையில் காணப்படும் கோழித்தோல் போன்ற புள்ளிகள் வேறு வகை; தீங்கற்றவை. அவற்றிற்கு இம்முறை வேண்டியதில்லை.

410 நானோமீட்டர் நீல ஒளியின் ஃபோட்டான் ஆற்றலை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். விடை ஏறத்தாழ 3 எலக்ட்ரான் வோல்ட் வரவேண்டும்.