தரவிலிருந்து தீர்மானம் வரை: விமான நிலையத்தின் இலக்கமுறை இரட்டை

மாணவர்களே, தரவு, தகவல் என்பவற்றுக்கு இடையிலான வேறுபாட்டை நீங்கள் ஏற்கெனவே கற்றுள்ளீர்கள். வரைவிலக்கணத்தை மனனம் செய்வது மட்டும் போதாது. தரவு எவ்வாறு தகவலாகி, அத்தகவல் எவ்வாறு ஒரு தீர்மானமாகின்றது என்பதை உதாரணத்துடன் விளக்கவும் உங்களால் முடிய வேண்டும். அதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் விமான நிலையமாகும்.

1. விமான நிலையம் ஒரு முறைமை

ஒரு விமானம் தரையிறங்கி மீண்டும் புறப்படுவதற்கிடையில் பல வேலைகள் நடைபெறுகின்றன. பயணிகள் இறங்குதல், பயணப்பொதிகளை இறக்குதல், துப்புரவு செய்தல், எரிபொருள் நிரப்புதல், உணவு ஏற்றுதல், புதிய பயணிகளை ஏற்றுதல் என்பன அவற்றுட் சிலவாகும். இவற்றுள் ஒன்று தாமதித்தாலும் விமானம் தாமதிக்கும். அந்த விமானம் நிற்கும் தரிப்பிடத்துக்கு வரவேண்டிய அடுத்த விமானமும் காத்திருக்க நேரிடும்.

நெதர்லாந்தின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் தரிப்பிடங்களை நோக்கிய கமராக்களின் படங்களைக் கணினி ஆராய்கின்றது. எந்த வேலை தொடங்கியது, எது முடிந்தது என அறிந்து, விமானம் எப்போது புறப்படத் தயாராகும் என்பதை அது முன்கூட்டியே கணிக்கின்றது. இங்கு,

உள்ளீடு: கமராப் படங்கள் (தரவு)
முறைவழியாக்கம்: வேலைகளை இனங்கண்டு நேரத்தைக் கணித்தல்
வெளியீடு: தயாராகும் நேரம் (தகவல்)

2. இலக்கமுறை இரட்டை என்றால் என்ன?

உண்மையான ஒரு பொருளின் அல்லது இடத்தின் கணினி மாதிரியுரு, அப்பொருளிலிருந்து தொடர்ந்து வரும் தரவுகளால் இற்றைப்படுத்தப்படுமாயின், அது இலக்கமுறை இரட்டை (டிஜிட்டல் ட்வின்) எனப்படும். இதற்கு மூன்று கூறுகள் அவசியம்: உண்மைப் பொருள், அதன் மாதிரியுரு, இரண்டையும் இணைக்கும் தரவுத் தொடர்பு.

கட்டடத்தின் வரைபடம் இரட்டை ஆகாது. வரைபடம் மாறாதிருக்கும், இரட்டையோ கட்டடத்துடன் சேர்ந்து மாறும்.

இச்சிந்தனையின் முன்னோடியாக 1970 ஏப்பிரலில் நிகழ்ந்த அப்பலோ 13 விண்பயணத்தைக் குறிப்பிடுவர். விண்கலத்தின் ஒட்சிசன் தாங்கி வெடித்தபோது, பூமியிலிருந்த பயிற்சிக் கலங்களில் அதே நிலைமையை உருவாக்கி, தீர்வுகளைப் பரிசோதித்த பின்னரே விண்வெளி வீரர்களுக்கு அறிவுறுத்தல்கள் வழங்கப்பட்டன. மூவரும் உயிருடன் திரும்பினர்.

3. உதாரணக் கணக்கு

ஒரு பாதுகாப்புச் சோதனை வழியில் ஒரு மணித்தியாலத்தில் 150 பேரைச் சோதிக்கலாம் எனக் கொள்வோம். 3 வழிகள் திறந்துள்ளன. காலை 6 மணி தொடக்கம் 7 மணி வரை 600 பயணிகள் சீராக வருகின்றனர்.

சோதிக்கப்படுவோர் = 3 × 150 = 450
7 மணிக்கு வரிசையில் எஞ்சுவோர் = 600 − 450 = 150

அடுத்த மணித்தியாலத்தில் 450 பேர் மட்டுமே வந்தாலும், அந்த 150 பேர் கொண்ட வரிசை குறையாது. ஆனால் 6 மணிக்கே நான்காவது வழியைத் திறந்தால் 4 × 150 = 600 ஆகும்; வரிசை எஞ்சாது. இவ்வாறு "இப்படிச் செய்தால் என்ன நடக்கும்?" என்பதை உண்மையான பயணிகளைக் காக்க வைக்காமலே இரட்டையிற் பரிசோதிக்கலாம்.

இப்போது சிந்தியுங்கள். பயணிகளை எண்ணும் உணரி பழுதடைந்து 600 பேரை 450 எனக் கணக்கிட்டால்? "வரிசை இல்லை" என்று கணினி காட்டும். 150 பேரோ வரிசையில் நின்றுகொண்டிருப்பர். கூட்டலும் கழித்தலும் சரி; தரவு பிழை.

4. தரவுத் தொடர்பு அறுந்தால்

இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் 5 ஆம் முனையம் 2008 மார்ச் 27 ஆம் திகதி பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. இது இலக்கமுறை இரட்டை பற்றிய சம்பவம் அன்று. எனினும் தரவுத் தொடர்பின் முக்கியத்துவத்தை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது.

திறப்புக்கு முந்திய பரிசோதனைகளின்போது, சோதனைச் செய்திகள் ஏனைய முறைமைகளுக்குச் செல்லாதிருக்க மென்பொருள் வடிகட்டி ஒன்று இடப்பட்டது. திறப்பு நாளில் அதனை நீக்க மறந்துவிட்டனர். இதனால் வேறு விமான சேவைகளிலிருந்து மாற்றப்பட்ட பொதிகள் பற்றிய தரவு புதிய முனையத்தை அடையவில்லை. அடையாளம் தெரியாத பொதிகள் கையால் வகைப்படுத்துவதற்காகக் குவிந்தன. ஊழியர்களுக்குப் போதிய பயிற்சியின்மை, வாகனத் தரிப்பிடத்தைக் கண்டுபிடிக்க முடியாமை என்பனவும் நிலைமையை மோசமாக்கின. முதல் நாளிலேயே 34 விமானப் பயணங்கள் இரத்தாயின. தொடர்ந்த நாட்களில் 20,000 இற்கும் மேற்பட்ட பொதிகள் உரியவர்களிடம் சேராமல் தேங்கின. இவை பின்னர் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்றின் விசாரணையில் ஆராயப்பட்டன.

பொதிகள் அங்கேயே இருந்தன, பட்டிகளும் இருந்தன. இல்லாதிருந்தது அவற்றைப் பற்றிய தரவு.

நினைவிற் கொள்க

• தொடர்ச்சியான தரவு இல்லாத மாதிரியுரு, இரட்டை ஆகாது.
• தரவு சரியானதாகவும், முழுமையானதாகவும், உரிய நேரத்தில் கிடைப்பதாகவும் இருத்தல் வேண்டும்.
• கணினி தகவலைத் தரும். தீர்மானத்துக்குப் பொறுப்பானவர் மனிதரே.

பயிற்சி

(அ) கட்டட வரைபடத்துக்கும் இலக்கமுறை இரட்டைக்கும் இடையிலான வேறுபாடு ஒன்றைத் தருக.
(ஆ) பகுதி 3 இல் 750 பயணிகள் வருவராயின், வரிசை எஞ்சாதிருக்க எத்தனை வழிகள் தேவை?
(இ) ஹீத்ரோ சம்பவத்தில், தரமான தரவுக்குரிய எந்தப் பண்பு இல்லாமற்போனது? காரணம் தருக.

விடைக் குறிப்பு: (அ) வரைபடம் மாறாது, இரட்டை தரவுகளால் இற்றைப்படுத்தப்படும். (ஆ) 750 ÷ 150 = 5 வழிகள். (இ) முழுமை. மாற்றப்பட்ட பொதிகள் பற்றிய தரவு வந்து சேரவில்லை.