கறுப்புக் கண்ணாடி கண்ணைக் காக்குமா?

சித்திரை பிறந்துவிட்டால் போதும், மருந்து வாங்க வருகிறவர்களில் சிலர் கூடவே இன்னொன்றும் கேட்கிறார்கள். "டாக்டர், வெயில்ல கண்ணு கூசுது, தலை வலிக்குது. கார் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டிக்கலாம்னு இருக்கேன். போலீஸ் கேட்டா காட்ட ஒரு சர்டிபிகேட் குடுங்களேன்!"

சான்றிதழ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மோட்டார் வாகன விதியில் 'நோயாளிக்குக் கறுப்புக் கண்ணாடி' என்று தனிச் சலுகை எதுவும் கிடையாது. நான் எழுதிக் கொடுத்தாலும் அது வெறும் காகிதம்தான். என் கவலை வேறு. கறுப்பாக இருந்தால் கண்ணுக்குக் காப்பு என்று நம்புகிறோமே, அந்த நம்பிக்கை சரிதானா?

ஏரிக்கரை சொல்லும் பாடம்

பழவேற்காடு ஏரிப் பக்கம் போயிருக்கிறீர்களா? லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் போன்ற மீனவ கிராமங்களில் வயதானவர்களின் கண்களைக் கவனித்துப் பாருங்கள். சிலருக்கு மூக்குப் பக்கமிருந்து கருவிழியை நோக்கி ஒரு சதை வளர்ந்திருக்கும். வெயிலிலும் காற்றிலும் பல வருஷம் உழைப்பவர்களுக்கு இது வருவது சகஜம். அவர்களுக்கு வெளிச்சம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் வருகிறது. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்கும் இதே கதிதான்.

இந்தச் சதை வளர்ச்சிக்கு முக்கியக் காரணம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். கண்ணைக் கூச வைப்பது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம். இரண்டும் ஒன்றல்ல. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம்.

கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் கறுப்புக் கூலிங் கிளாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை மாட்டியதும் கண் இருட்டென்று நினைத்துப் பாப்பாவை விரித்துக்கொள்கிறது. அந்தக் கண்ணாடியில் புற ஊதாத் தடுப்பு இல்லாவிட்டால், திறந்த வாசல் வழியே கதிர் தாராளமாக உள்ளே போகும். அதனால் கறுப்பு வேறு, காப்பு வேறு என்பதை மனதில் வையுங்கள்.

காரில் நடப்பது என்ன?

காரின் முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்துச் செய்தது. நிறமே இல்லாவிட்டாலும் அது புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி. அவை ஒருவகைக் கதிரைத் தடுக்கும். இன்னொரு வகையில் ஒரு பகுதியை உள்ளே விடும். தினமும் கார் ஓட்டுபவர்களுக்கு வலது கையும் வலது கன்னமும் மட்டும் அதிகமாகக் கறுப்பது இதனால்தான். அதற்கு முழுக்கைப் பருத்திச் சட்டையும் புற ஊதாத் தடுப்புள்ள நல்ல கண்ணாடியும் போதும். ஜன்னலை இருட்டாக்க வேண்டியதில்லை.

சட்டம் சொல்லும் இரண்டு எண்கள்

1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. முன், பின் கண்ணாடிகள் வழியே குறைந்தது 70 சதவீத வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பக்கக் கண்ணாடிகளில் குறைந்தது 50 சதவீதம். அவிஷேக் கோயங்கா என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27-ல் தீர்ப்பளித்தது. கம்பெனியிலிருந்து வரும்போதே கண்ணாடி இந்த அளவில் இருக்கலாம். அதன்மேல் எந்த அளவு ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்றது. மே 4 முதல் அது அமலுக்கு வந்தது.

"கேரளாவில் ஒட்டலாமாமே?" என்பீர்கள். பின்னர் திருத்தப்பட்ட விதியை வைத்து, அளவுக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் போடக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னது உண்மைதான். ஆனால் அங்கேயும் 70, 50 என்ற எண்கள் மாறவில்லை. நம் ஊர் ரோட்டில் சோதனைக்கு நிறுத்தினால் இதையெல்லாம் எடுத்துச் சொல்லி வாதாட வேண்டியவர் நீங்கள்தான். அந்தத் தொல்லை எதற்கு?

கடைக்காரர் "இது 50 பெர்சென்ட் ஃபிலிம் சார், சட்டப்படி சரி" என்பார். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். உங்கள் கண்ணாடியே 75 சதவீத வெளிச்சத்தைத்தான் விடுகிறது என்று வையுங்கள். அதில் பாதியை ஃபிலிம் விட்டால் மிச்சம் 37.5. சட்டம் கேட்பது 50!

கூச்சம் உள்ளவர்களுக்கே ஆபத்து அதிகம்

இருட்டுக் கண்ணாடி கேட்பவர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். சிலருக்குக் கண்புரை ஆரம்பித்திருக்கும். புரை உள்ள கண்ணில் வெளிச்சம் சிதறுவதால்தான் பகலில் அத்தனை கூச்சம். ஆனால் இதே கண்தான் இரவில் அதிகத் தடுமாற்றமும் காணும். இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில், அறுபது வயதுக்காரருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. அதற்கு முன்னால் 37.5 சதவீதக் கண்ணாடியையும் வைத்தால், இளைஞர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்ப்பதில் எட்டில் ஒரு பங்குதான் இவருக்கு மிஞ்சும்.

இந்தக் கண்ணோடு பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு மாலை மங்கும் நேரத்தில் கார் ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள். விளக்கில்லாத சைக்கிளில் ஒருவர், மீன் கூடையோடு ஓரமாக நடக்கும் அம்மா, டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள். பறவை பார்க்க வந்தவருக்கு அது ஒருநாள் பயணம். அந்த அம்மாவுக்குத் தினமும் நடக்கிற பாதை. இருட்டுக் கண்ணாடியின் விலையைக் கொடுப்பவர் காருக்கு வெளியேயும் இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

1. புதுக் கார் வாங்கும்போதே, கம்பெனியில் பொருத்தி வரும், புற ஊதாத் தடுப்புள்ள கண்ணாடி இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கார் வாங்கினால், முன்பே ஒட்டியிருக்கும் ஃபிலிமை எடுக்கச் சொல்லுங்கள்.

2. கூலிங் கிளாஸ் வாங்கும்போது 'யு.வி. 400' என்ற குறியீட்டைப் பாருங்கள். இரவில் அதை மாட்டிக்கொண்டு ஓட்டவே கூடாது.

3. நிறுத்திய காருக்குத் திரை போடுங்கள். ஏறும் முன் கதவுகளைச் சற்றுத் திறந்து வைத்து வெப்பக் காற்றை வெளியேற்றுங்கள். ஐந்து நிமிஷம்தானே என்று குழந்தையை மூடிய காருக்குள் விட்டுப் போகாதீர்கள்.

4. வெயிலால் பித்தம் கூடும் என்கிறது சித்த மருத்துவம். மோர், வெள்ளரி, நுங்கு சேருங்கள். வாரம் இரண்டு நாளாவது முருங்கைக் கீரையோ பொன்னாங்கண்ணியோ சமையலில் இருக்கட்டும். கண்ணுக்கு வேண்டிய 'ஏ' வைட்டமினுக்கு ஆதாரம் இவற்றில் உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெயிலில் அலையாதீர்கள்.

5. கண்ணில் சதை வளர்கிறது என்று தாய்ப்பால், எலுமிச்சைச் சாறு, பச்சிலைச் சாறு எதையும் விடாதீர்கள். கைமருந்தால் அந்தச் சதை கரையாது. சதை பார்வையை மறைக்கும்படி வளர்ந்தால் அறுவை சிகிச்சைதான் வழி.

6. எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் புரை இருக்கிறதா என்று கண் மருத்துவரிடம் பரிசோதியுங்கள். கண் சிவந்து, வலியோடு திடீரென வெளிச்சம் தாங்கவில்லையென்றால் அன்றைக்கே போங்கள்.

கண் கூசுகிறது என்றால் கண்ணுக்கு ஏதோ குறை என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் வைத்தியரின் அறை, கார் அலங்காரக் கடை அல்ல.