மேளக்காரர்கள் பக்கம் ஓர் இடம்

அன்புள்ள சகோதரிக்கு,

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. திருவிழாவில் உருமி மேளம் தொடங்கியதும் மாற்றுத்திறனாளியான உங்கள் மகன் எழுந்து ஓடுகிறான், பெரியவர்கள் பிடித்து உட்கார வைக்கிறார்கள் என்று வருந்தியிருக்கிறீர்கள். உட்கார வைக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். அவனை மேளக்காரர்களோடு சேர்த்துவிடுங்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் கலையிலிருந்து விலகிப் போனதற்கு ஒரு பின்னணி உண்டு. உங்கள் பக்கத்துத் தென்னமரம் என்ற தோட்டத்தில்தான் 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. பின்னாளில் ரப்பர் பால்மரங்கள் இருந்த இடமெல்லாம் செம்பனை ஆனபோது அத்தனை ஆட்கள் தேவைப்படவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின. காமன் கூத்து நடந்த திடலும் போயிற்று. தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களில், நடக்க முடியாத பிள்ளை வீட்டுக்குள்ளேயே முடங்கிப் போனது.

முடங்கியவர்களை மேடைக்குக் கொண்டுவர முடியும் என்பதற்கு, இலங்கையில் சுனேத்ரா பண்டாரநாயக்க 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சுனேரா அறக்கட்டளையைப் பாருங்கள். லண்டனில் 1980இல் அமிச்சி நடனக் குழுவை அமைத்த வொல்ஃப்காங் ஸ்டாங்கே அந்த அறக்கட்டளைக்குத் துணை நின்றார். மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் அங்கே ஒரே மேடையில் ஆடுகிறார்கள். போரில் காயம்பட்ட வீரர்களும் ஆடியிருக்கிறார்கள். ஸ்டாங்கேயின் முறை எனக்கு மிகவும் பிடிக்கும்: வந்தவருக்கு இயல்பாக வரும் அசைவிலிருந்தே ஆட்டத்தை வளர்ப்பது.

நம் கலைகளில் இந்த முறைக்கு இடம் நிறையவே உண்டு. உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறோம், மறுமுகத்தை அடிக்கிறோம். அந்த உறுமல், காது கேளாத பிள்ளைக்கு மேளத்தின் உடலில் கை வைத்தாலே தெரியும். கோலாட்டத்தில் எதிராளியின் கோல் ஓசை, பார்வையற்றவருக்கு வழி சொல்லும். கும்மி வட்டத்தைக் கொஞ்சம் அகலமாக்கினால் சக்கர நாற்காலி தாராளமாகச் சுற்றி வரும். அடவு தவறும், தாளம் பிந்தும். தவறட்டும். எந்தக் குழுவுக்குத்தான் முதல் மாதத்தில் தவறவில்லை?

தீபாவளிக்கு முன் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு அரிசி மூட்டை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. கொடுப்பவர்களின் மனம் நல்லதுதான். ஆனால் அந்த மேடையில் பிள்ளைகள் வாங்குவதற்காக மட்டுமே ஏறுகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்றது. அதன் 30ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதையும் தம் கலைத்திறனை வளர்த்துக்கொள்வதையும் அவர்களது உரிமை என்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டையும் உதவித்தொகையும் வாங்கித் தந்ததோடு நாம் நின்றுவிடக் கூடாது.

உங்கள் பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வு மையத்து ஆசிரியரிடமும் உருமிக் குழுத் தலைவரிடமும் பேசுங்கள். வாரம் ஒரு மாலை, ஆலய மண்டபத்தில், ஒரு மணி நேரம் போதும். சத்தம் தாங்காத பிள்ளைகள் ஒதுங்கி நிற்க ஓர் அறை வேண்டும். சுற்றுவட்டாரத்து இஜோக், புக்கிட் ரோத்தான் பிள்ளைகளை ஏற்றிவர வேன் வேண்டும். வேன் இல்லாமல்தான் பல நல்ல முயற்சிகள் நின்றுபோகின்றன. மேடைப் படிக்கட்டுக்குச் சாய்தளம் அமைக்க ஆலய நிர்வாகத்திடம் இப்போதே சொல்லிவையுங்கள். திருவிழாவுக்கு முந்தின வாரம் போய்க் கேட்டால் பந்தல் வேலையில் யாருக்கும் நேரம் இருக்காது.

அன்புடன்,
உங்கள் சகோதரன்