பால்மரத்துக்கு முன் நின்ற வனம்



தம்பி, நீ அனுப்பிய சித்திரங்களைப் பார்த்தேன். மலாக்காவின் ஜாசின் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத்தைத் தைல வர்ணத்தில் தீட்டி, 'அழிந்த வனம்' என்று நாமகரணமும் செய்திருக்கிறாய். பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டதில் உனக்குள்ள துக்கம் லயத்தில் பிறந்த எவனுக்கும் உள்ளதுதான். ஆயினும் நிரை பிடித்து, ஒரே வயதில், ஒரே இடைவெளியில் நின்ற அம்மரங்களை வனம் என்று சொல்ல நான் சம்மதியேன்.

அவற்றுக்கு முன் அங்கே நின்றதுதான் வனம். 1854-இல் ஆல்ஃபிரெட் வாலஸ் என்ற இயற்கை விஞ்ஞானி மலாக்காவின் உட்பகுதி வழியே ஓபிர் மலை ஏறியபோது, யானையும் காண்டாமிருகமும் நடமாடிய அடையாளங்களைக் கண்டார். அதன் பின் சீன முதலாளிகள் மரவள்ளிக்காகக் காட்டை வெட்டி, மண்ணின் சாரம் வற்றியதும் நிலத்தை லாலான் புல்லுக்கு விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் பெயர்ந்தார்கள். 1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் மலாயாவின் முதல் வர்த்தக ரப்பரை நட்டு, பின்னர் புக்கிட் ஆசகானில் அதனை விஸ்தரித்தார். நம்மைப் போலவே கடல் கடந்து வந்த அந்த பிரேஸில் விருக்ஷத்தின் கீழே, கங்காணியின் பின்னால் கப்பலேறிய நம்மவர் வந்து நின்றார்கள். தோட்டத்தில் ஒரு புல்லும் தலைகாட்டலாகாதென்ற அக்காலத்துத் துரைமாரின் பிடிவாதத்தால், நம் பாட்டிமார் குனிந்து களையெடுத்த சரிவுகளின் மேல்மண் மழையோடு ஆற்றில் இறங்கிற்று. (அதே துரைமார் பிற்பாடு மூடுபயிர் வளர்க்கச் சொன்னது தனிக் கதை.)

பால்மரத்தை வரையாதே என்று நான் சொல்லவில்லை. அதை அதுவாக வரை என்கிறேன். வருஷத் தொடக்கத்து வறட்சியில் தோட்டம் முழுவதும் ஒருசேர இலை சிவந்து உதிர்த்து நிற்குமே, அந்த ஏகோபித்த சிவப்பு உன் படங்களில் எங்கும் இல்லை. பல ஜாதி மரங்கள் தத்தம் காலத்தில் துளிர்க்கும் மழைக்காட்டில் அப்படியொரு காட்சி வாய்க்காது. தோட்டம் மனிதன் போட்ட கணக்கு என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அதை நீ பச்சையால் மறைத்துவிட்டாய்.

நமக்கு முன்பே அந்தக் காட்டை இழந்த பூர்வகுடிகளான தெமுவான் மக்களும் உன் படங்களில் இல்லை. அவர்களுடைய முதியவர் எவரேனும் இசைந்தால், தூரிகையைத் தொடுமுன் அவர் பேசுவதைக் கேள். பிறகு ஆயர் கெரோவில் மிஞ்சியிருக்கும் காட்டுக்குள் வர்ணப் பெட்டியின்றிப் போய், அடிமரங்களை மட்டும் பென்சிலால் வரைந்து அனுப்பு. செம்பனையைப் பற்றி அப்புறம் பேசலாம்.