பூனை, காளை, ஒட்டகம்: ஸ்பானியம் பழகுவோருக்குச் சில அறிவுரைகள்

இலக்கணத்தை ஓரளவு முடித்து, ஸ்பானியத் தெருப்பேச்சுக்குள் காலெடுத்து வைக்கும் தம்பி தங்கைகளே! அந்தப் பேச்சில் விலங்குகள் நடமாட்டம் அதிகம். சூதானமாகப் பழகுங்கள்.

1. எல்லா நாட்டிலும் செல்லுபடியாவதை முதலில் பிடியுங்கள். ‘தார் காத்தோ போர் லியெப்ரே’ என்றால் முயலென்று சொல்லிப் பூனையைத் தலையில் கட்டுவது. பூனைக்கறியை முயல்கறி என்று பரிமாறிய பழைய சத்திரங்களின் மேல் இருந்த சந்தேகம் இதில் ஒட்டியிருக்கிறது. போலிச் சரக்கு விற்பவர் எவருக்கும் பொருந்தும்.

2. நம் பழமொழியை அப்படியே பெயர்த்துப் போடாதீர்கள். நமக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அவர்களுக்கு ஒரே சூட்டில் இரண்டு பறவை. மாங்காயைச் சொன்னால் எதிரில் இருப்பவர் விழிப்பார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது மட்டும் கிட்டத்தட்ட அப்படியே உண்டு. அங்கே அது குதிரை.

3. நியாயம் கேட்டு நிற்காதீர்கள். ‘பூனைக்கு மூன்று கால் தேடுவது’ என்றால் இல்லாத சிக்கலைக் கிளப்புவது. நாலு கால் பிராணியிடம் மூன்று காலைக் காண்பதில் என்ன கஷ்டம்? பழைய வழக்கில் ஐந்து கால் என்றும் உண்டு. அதுதான் அறிவுக்குப் பொருந்துகிறது. ஆனாலும் 1605இல் வந்த ‘தோன் கிஹோத்தே’ நாவலிலேயே மூன்று கால்தான். ஊர் சொல்வதையே சொல்லுங்கள்.

4. காளைச் சண்டைக் களத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சண்டை பிடிக்காவிட்டாலும் அதன் சொற்கள் ஸ்பெயின்காரர் வாயில் புழங்குகின்றன. பொறுப்பில் சிக்காமல் வேடிக்கை பார்ப்பவர் ‘தடுப்புக்குப் பின்னாலிருந்து காளையைப் பார்க்கிறார்’. எல்லாம் முடிந்தபின் யோசனை சொல்வது ‘காளை கடந்த பிறகு’ பேசுவது. கெடு நெருங்கியும் வேலை முடியாதவர், ‘காளை என்னைப் பிடிக்கப் போகிறது’ என்பார்.

5. எல்லை தாண்டினால் நாக்கை அடக்குங்கள். ‘காமெய்யோ’ என்றால் ஒட்டகம். ஸ்பெயினின் கொச்சையில் போதைப்பொருள் விற்பவன். கொலம்பியாவில் வேலை, உத்தியோகம். சிக்கலை நேரே எதிர்கொள்வதைக் ‘காளையைக் கொம்பில் பிடிப்பது’ என்பார்கள். ஸ்பெயினில் அதற்குக் ‘கோஹெர்’ என்ற வினை. மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அந்த வினைக்குக் கொச்சையாக உடலுறவு என்று பொருள். அங்கே ‘அகர்ரார்’ என்றோ ‘தோமார்’ என்றோ சொல்லித் தப்பியுங்கள்.

6. பால் பிசகாதீர்கள். ஆண் நரி ‘சோர்ரோ’. ஓர் ஆணை அப்படிச் சொன்னால் தந்திரக்காரன். பெண்ணைச் ‘சோர்ரா’ என்றால் நடத்தையைப் பழிக்கும் கடும் வசை. கெட்டிக்காரி என்று பாராட்ட நினைத்து அடி வாங்காதீர்கள்.

7. ஆளறிந்து பேசுங்கள். எருதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த ‘வேய்’ மெக்சிகோ இளைஞர்களுக்கு ‘மச்சான்’ மாதிரி. அதை மேலதிகாரியிடமோ நண்பனின் பாட்டியிடமோ சொல்லாதீர்கள்.

8. முதலில் காது, பிறகு வாய். புதிதாக ஒன்றைக் கேட்டால் எந்த நாட்டவர், யாரிடம், எந்தத் தொனியில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். இரண்டு மூன்று பேர் வாயில் கேட்டபின் நீங்கள் சொல்லலாம். அதற்காக ஒரேயடியாக வாய்மூடி இருந்துவிடவும் வேண்டாம். தூங்கும் இறாலை நீரோட்டம் அடித்துப்போகும் என்பது லத்தீன் அமெரிக்கர்களின் எச்சரிக்கை. குறிப்பேட்டை இன்றே திறங்கள்.