கோப்பு உரையாடற் பெட்டியைச் சாவிப்பலகையால் கையாளுதல்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – க.பொ.த. (சா/த)

இப்பாடத்தின் முடிவில் நீங்கள்
• குவியம் என்பதை விளக்குவீர்கள்.
• சுட்டியின்றிக் கோப்பைத் திறப்பீர்கள், சேமிப்பீர்கள்.
• ஒரே சாவி வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விளைவைத் தருவதற்கான காரணத்தைக் கூறுவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, நீங்கள் தட்டச்சு செய்யும் ஆவணம் சேமிக்கப்படும் வரை பிரதான நினைவகமான ரெம்மில் மட்டுமே இருக்கும். ரெம் ஓர் அழிதகு நினைவகமாகும். மின்சாரம் நின்றதும் அதிலுள்ளவை அழிந்துவிடும். 2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலாகியது. மலையகத்தில் மழைக்காலத்தில் முன்னறிவித்தலின்றி மின்சாரம் தடைப்படுவதும் உங்களுக்குப் புதிதல்ல. பாடசாலைக் கணினி அறையில் ஒரு கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும்போது கிடைக்கும் நேரமும் சிறிது. அந்நேரத்தில் சுட்டி பழுதடைந்திருந்தாலும் செய்த வேலையைச் சேமிக்கத் தெரிந்திருத்தல் அவசியமாகும்.

சுட்டியை டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968 டிசம்பர் 9 இல் பகிரங்கமாகச் செய்து காட்டினார். வின்டோஸ் பணிசெயல் முறைமை சுட்டியை மையமாகக் கொண்டு வளர்ந்தபோதிலும், உரையாடற் பெட்டிகளைச் சாவிப்பலகையால் மட்டும் இயக்கும் வசதி அதில் இன்றும் உள்ளது.

2. குவியம்

கோப்பைத் திறக்கும்போதும் முதன்முறை சேமிக்கும்போதும் தோன்றும் சிறிய சாளரமே கோப்பு உரையாடற் பெட்டி ஆகும். அதில் முகவரிப் பட்டை, கோப்புப் பட்டியல், கோப்புப் பெயர்ப் பெட்டி, கோப்பு வகைப் பெட்டி, பொத்தான்கள் என்பன உள்ளன.

இவற்றுள் ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே சாவிப்பலகையின் உள்ளீட்டைப் பெறும். அவ்விடத்தில் குவியம் உள்ளது என்போம். துடிக்கும் நிலைகாட்டி, நிறமிடப்பட்ட பெயர், புள்ளிக்கோட்டுச் சட்டம் ஆகியவற்றால் குவியத்தை அடையாளம் காணலாம். பெட்டி திறந்தவுடன் குவியம் பெரும்பாலும் கோப்புப் பெயர்ப் பெட்டியிலேயே இருக்கும்.

சாவிகளை மனனம் செய்தும் தவறு விடும் மாணவர்கள் குவியத்தைக் கவனிக்காதவர்களே. 'டிலீட்' சாவியை உதாரணமாகக் கொள்வோம். குவியம் பெயர்ப் பெட்டியில் இருந்தால் ஓர் எழுத்து அழியும். குவியம் பட்டியலில் இருந்தால் தெரிவான கோப்பே அழியும். வன்தட்டில் அழிக்கப்படும் கோப்பு சாதாரணமாக மீள்சுழற்சித் தொட்டிக்குச் செல்லும். பென்டிரைவில் உள்ள கோப்பு அங்கு செல்லாது, நிரந்தரமாக நீங்கும். அழிக்கும் முன் கணினி கேட்கும் வினாவை வாசிக்காது என்டரை அழுத்தினால் பல நாள் உழைப்பு ஒரு கணத்தில் போய்விடும். எனவே முதலில் குவியத்தைப் பாருங்கள், பின்னர் சாவியை அழுத்துங்கள்.

3. முக்கிய குறுக்குவழிச் சாவிகள்

(அ) பெட்டியைத் திறத்தல்
கொன்ட்ரோல் + ஓ – கோப்பைத் திறத்தல்
கொன்ட்ரோல் + எஸ் – சேமித்தல்
எப் 12 – மைக்ரோசொப்ட் வேர்டில் 'சேவ் அஸ்' பெட்டியை நேரடியாகத் திறத்தல்

(ஆ) குவியத்தை நகர்த்தல்
டெப் – அடுத்த பகுதிக்கு
ஷிப்ட் + டெப் – முந்திய பகுதிக்கு
ஓல்ட் + என் – கோப்புப் பெயர்ப் பெட்டிக்கு
ஓல்ட் + டி – முகவரிப் பட்டைக்கு (வின்டோஸ் விஸ்டாவும் அதற்குப் பின் வந்தவையும்)

(இ) கோப்புறைகளிடையே செல்லல்
அம்புக்குறிச் சாவிகள் – பட்டியலில் மேலும் கீழும்
பெயரின் முதலெழுத்து – அவ்வெழுத்தில் தொடங்கும் கோப்புக்கு
என்டர் – தெரிவான கோப்புறையைத் திறத்தல்
ஓல்ட் + மேல் அம்பு – ஒரு படி மேலுள்ள கோப்புறைக்கு
கொன்ட்ரோல் + ஷிப்ட் + என் – புதிய கோப்புறை (வின்டோஸ் 7 உம் அதற்குப் பின் வந்தவையும்)

(ஈ) முடித்தல்
என்டர் – இயல்பான பொத்தானை அழுத்துதல்
எஸ்கேப் – எதையும் மாற்றாமல் வெளியேறுதல்

குறிப்பு: பொத்தானின் பெயரில் ஓர் எழுத்து அடிக்கோடிடப்பட்டிருந்தால், ஓல்ட் சாவியுடன் அவ்வெழுத்தை அழுத்தி அப்பொத்தானை இயக்கலாம். அடிக்கோடு தெரியாவிடில் ஓல்ட்டை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

4. செய்முறை

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் வர்த்தக ரீதியான தேயிலைச் செய்கையை ஆரம்பித்தார். அது பற்றிய ஒப்படை ஒன்றை வேர்டில் தட்டச்சு செய்துள்ளீர்கள் எனக் கொள்வோம். அதனை டி வட்டில் 'ஒப்படை' என்னும் புதிய கோப்புறையில் சேமிக்க வேண்டும்.

படி 1: எப் 12 ஐ அழுத்துக.
படி 2: ஓல்ட் + டி அழுத்தி, டி வட்டின் எழுத்தையும் :\ என்பதையும் தட்டச்சு செய்து என்டரை அழுத்துக. டி வட்டு திறக்கும்.
படி 3: குவியம் பட்டியலில் இல்லாவிடில் டெப் சாவியால் அதனை அங்கு கொண்டு செல்க. கொன்ட்ரோல் + ஷிப்ட் + என் அழுத்தி 'ஒப்படை' எனப் பெயரிடுக.
படி 4: என்டரை அழுத்துக. பெயர் உறுதியாகும். மீண்டும் என்டரை அழுத்துக. கோப்புறை திறக்கும்.
படி 5: ஓல்ட் + என் அழுத்தி 'தேயிலை1867' எனத் தட்டச்சு செய்க.
படி 6: என்டரை அழுத்துக. கோப்பு சேமிக்கப்படும்.

இங்கு என்டர் சாவி முகவரிக்குச் செல்லவும், பெயரை உறுதிசெய்யவும், கோப்புறையைத் திறக்கவும், சேமிக்கவும் பயன்பட்டதை அவதானியுங்கள். சாவி ஒன்றே, குவியம் மாறியதால் பணியும் மாறியது. இனி வேலை செய்யும்போது கொன்ட்ரோல் + எஸ் மட்டும் போதும், பெட்டி மீண்டும் தோன்றாது. ஒவ்வொரு பந்தி முடிவிலும் அதனை அழுத்தும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

5. தமிழில் பெயரிடும்போது கவனிக்க வேண்டியவை

• யுனிகோட் முறையில் தமிழிலேயே கோப்புக்குப் பெயரிடலாம். இலங்கைக்கான தமிழ் நியமம் எஸ்.எல்.எஸ். 1326 ஆகும்.
• வட்டின் எழுத்தைத் தட்டச்சு செய்ய ஆங்கில அமைப்புக்கு மாறவேண்டும். ஓல்ட் + ஷிப்ட் அல்லது வின்டோஸ் சாவி + ஸ்பேஸ் பயன்படும்.
• பாமினி எழுத்துரு முறையில் பெயரிட்டால் பெட்டியில் தமிழ் தோன்றாது, ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தோன்றும்.
• \ / : * ? " < > | ஆகிய ஒன்பது குறிகளும் கோப்புப் பெயரில் இடம்பெற முடியாது. பாமினியில் ஆய்த எழுத்துக்குரிய சாவி / என்பதால், 'அஃறிணை' என அம்முறையில் பெயரிட முயன்றால் கணினி ஏற்காது.

6. மாதிரி வினாக்கள்

(1) எந்த மாற்றமும் செய்யாது உரையாடற் பெட்டியிலிருந்து வெளியேற உதவும் சாவி எது?
(i) டெப் (ii) என்டர் (iii) எஸ்கேப் (iv) எப் 12
விடை: (iii)

(2) ஒரு மாணவி பெயர்ப் பெட்டியில் உள்ள பிழையான எழுத்தை நீக்க டிலீட்டை அழுத்தினாள். கோப்பை அழிப்பதா எனக் கணினி கேட்டது. காரணத்தையும் அவள் செய்யவேண்டியதையும் தருக.
விடை: குவியம் பெயர்ப் பெட்டியில் அன்றிக் கோப்புப் பட்டியலில் இருந்தமையே காரணம். எஸ்கேப் மூலம் அவ்வினாவை நிராகரித்து, ஓல்ட் + என் அழுத்திப் பெயர்ப் பெட்டிக்குச் சென்று எழுத்தைத் திருத்த வேண்டும்.

(3) 'கொன்ட்ரோல் + எஸ் சாவியை அடிக்கடி அழுத்துதல் நன்று.' ரெம்மின் இயல்பைக் கொண்டு விளக்குக.
விடை: ரெம் அழிதகு நினைவகம் ஆதலால் மின் தடைப்படும்போது அதிலுள்ள தரவு அழியும். சேமிக்கும்போது தரவு வன்தட்டு போன்ற துணை நினைவகத்தில் பதியப்படுவதால் மின்சாரம் இன்றியும் நிலைத்திருக்கும்.

பயிற்சி: ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, நானுஓயா என ஐந்து கோப்புறைகளை உருவாக்குக. ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பைச் சேமித்து மீளத் திறக்குக. சுட்டியைத் தொடாது இதனைச் செய்து முடிக்க எடுக்கும் நேரத்தைக் குறித்து, அடுத்த வாரம் மீண்டும் செய்து ஒப்பிடுக.